மாசி வெயிலில் தரங்கம்பாடிப் பறவைகள்: முதன்முறை பார்ப்பவருக்கு ஒரு வழிகாட்டி

பறவை பார்ப்பது என்றதும் உங்களுக்குக் கோடியக்கரை, வேடந்தாங்கல், வடுவூர் என்று சரணாலயங்களின் பெயர்கள்தாம் நினைவுக்கு வரும். கூடவே நீண்ட லென்ஸ் மாட்டிய கேமராவும் வரும். இரண்டும் இல்லாவிட்டால் நமக்கு இது ஆகாது என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட வேண்டியதில்லை. மாசி மாதத்தில் வெயில் தெளிந்த ஒரு நாள், நடக்க இரண்டு கால், எழுத ஒரு நோட்டு, இவை போதும். தரங்கம்பாடி போன்ற ஒரு சிற்றூரிலேயே ஒரு காலையில் இருபது முப்பது வகைப் பறவைகளைப் பார்த்துவிடலாம்.

ஏன் தரங்கம்பாடி?

ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் நான்கு விதமான இடங்கள் இங்கே உண்டு. மரங்கள் நிறைந்த பழைய தெருக்கள், கடற்கரை, கடலில் கலக்கும் உப்பனாறு, ஊரை விட்டு மேற்கே வந்தால் நெல்வயல். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பறவைகள் இரை தேடும். பெரிய நகரத்தில் இந்த நான்கையும் பார்க்க ஒரு நாள் முழுக்க பஸ் ஏற வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனியர்கள் இங்கே டான்ஸ்பெர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் இங்கே வந்த மருத்துவர்களும் பாதிரியார்களும் செடி, மீன், பாம்பு, பறவை என்று எல்லாவற்றையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768இல் இங்கு வந்தார். ஜான் என்ற பாதிரியார் இங்கிருந்து அனுப்பிய மீன்களைப் பார்த்துத்தான் பெர்லினில் இருந்த பிளாக் என்ற அறிஞர் பல மீன்களை முதன்முதலாக விவரித்தார். நம் ஊர் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரிலும் அந்த ஜானின் பெயர்தான் இருக்கிறது. நீங்கள் நடக்கப்போகும் தெருக்களில் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேலை நடந்திருக்கிறது.

ஏன் மாசி?

ஐப்பசி, கார்த்திகையில் மழை. தையில் மூடுபனி, கூடவே அறுவடை நெருக்கடி. மாசியில் வானம் வெளுத்துவிடும். மாசிப் பனி மச்சையும் துளைக்கும் என்பார்களே, அந்தப் பனி விடிகாலையில் மட்டும்தான். ஏழு மணிக்கெல்லாம் வெயில் தெளிந்துவிடும். சம்பா அறுத்த வயல்கள் திறந்து கிடக்கும். கல்யாண முருங்கையும் இலவமும் இலை உதிர்ந்து பூத்து நிற்கும். இலை இல்லாத மரத்தில் பறவை தெளிவாகத் தெரியும் என்பது தொடங்குபவருக்குப் பெரிய உதவி.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. வடக்கிலிருந்து வந்த வலசைப் பறவைகள் (குளிர்காலத்தில் இடம்பெயர்ந்து வந்து, கோடைக்கு முன் திரும்பிப் போகிறவை) இன்னும் இங்கேதான் இருக்கும். ஊர்ப் பறவைகளோ கூடு கட்டும் பருவத்துக்குத் தயாராகிக் குரல் கொடுக்கத் தொடங்கியிருக்கும். இரண்டு கூட்டத்தையும் ஒரே நாளில் பார்க்கக் கிடைப்பது இந்தச் சில வாரங்களில்தான்.

காலையில் எங்கே போவது, மாலையில் எங்கே போவது?

தொடங்குபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் விடிந்ததும் நேரே கடற்கரைக்கு ஓடுகிறார்கள். சூரிய உதயம் பார்க்க அது சரி. பறவை பார்க்க அது வீண். சூரியன் கடலுக்கு மேலே நிற்கிறது, நீங்கள் சூரியனைப் பார்த்து நிற்கிறீர்கள். நடுவில் பறக்கும் எந்தப் பறவையும் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். நிறம் தெரியாது, கால் தெரியாது, அலகும் தெரியாது. கண் கூசுவதுதான் மிச்சம்.

ஆகவே காலையில் கடலுக்கு முதுகைக் காட்டுங்கள். ஊருக்குள் மேற்கு நோக்கி மரங்களைப் பாருங்கள். கிழக்கு வெயில் மர உச்சியில் நேராக விழும், அங்கே உட்கார்ந்திருக்கும் பறவையின் ஒவ்வொரு நிறமும் தெரியும். கடற்கரையை மாலை நாலரை மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கடல்மேல் விழும், காலையில் கறுப்பாகத் தெரிந்த அதே பறவை அப்போது பளிச்சென்று தெரியும். கிழக்குக் கடற்கரையில் எந்த ஊராக இருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தும்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

மாசியில் ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கிறது. ஆறேகாலுக்குத் தெருவில் இருந்தால் நல்லது. இரவு முழுக்கப் பட்டினி கிடந்த பறவைகள் முதல் இரண்டு மணி நேரம்தான் ஓயாமல் திரியும். வெயில் ஏறியதும் பூச்சிகள் பறக்கத் தொடங்கும், பூச்சி பிடிக்கும் பறவைகளுக்கு அது நல்ல வேட்டை நேரம். பத்து மணிக்கு மேல் பெரும்பாலானவை நிழலுக்குள் ஒதுங்கிவிடும். அதன்பிறகு அண்ணாந்து பாருங்கள். தரை சூடேறி வெப்பக் காற்று மேலே எழும்பும்போது பருந்துகள் சிறகை அசைக்காமல் வட்டமடிக்கும். உடல் செங்காவி, தலை வெள்ளை என்றால் அது செம்பருந்து, நாம் கும்பிடும் கருடன். முழுக்கப் பழுப்பாக, வால்நுனி லேசாகப் பிளந்திருந்தால் அது கள்ளப்பருந்து.

காலைத் தெருவில் எதைப் பார்ப்பது?

டேனியர் காலத்து நகர வாயிலில் நுழைந்து ராஜ வீதி வழியாகக் கிழக்கே மெதுவாக நடங்கள். பத்தடிக்கு ஒரு முறை நின்று திரும்பிப் பாருங்கள், வெயில் விழும் பக்கம் அதுதான். 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தைத் தாண்டிக் கோட்டைக்கு முன்னால் இருக்கும் திறந்த வெளிவரை போக அரை மணி நேரம்கூட ஆகாது. நீங்கள் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மரங்களின் மொட்டைக் கிளை உச்சியைப் பாருங்கள். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிதாக, கழுத்தே இல்லாததுபோல் குட்டையாக ஒரு பச்சைப் பறவை வெயில் காய்ந்துகொண்டிருக்கும். நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றியும் தொண்டையிலும் மஞ்சள். இது செம்மார்புக் குக்குறுவான். பித்தளைப் பாத்திரத்தைச் சுத்தியலால் தட்டுவதுபோல் ‘டுக், டுக், டுக்’ என்று நாள் முழுக்கக் கேட்டிருப்பீர்கள், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இவர். கூப்பிடும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால் ஓசை எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது. இலைக்குள் போய்விட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். குளிர்ந்த காலையில் வெயிலுக்காக உச்சிக் கிளைக்கு வரும் அந்தக் கால் மணி நேரம்தான் உங்களுக்கு வாய்ப்பு.

கல்யாண முருங்கை பூத்திருந்தால் அதன் கீழே ஐந்து நிமிடம் நில்லுங்கள். தேன்சிட்டு, மைனா, காக்கை, கரிச்சான் எல்லாம் அந்தச் சிவப்புப் பூவுக்கு வரும். கரிச்சான் என்பது மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கன்னங்கரிய இரட்டைவால் குருவி. பூச்சி பிடிப்பதுதான் அதன் தொழில் என்றாலும் பூந்தேனையும் விடாது. தேன்சிட்டில் ஆண்தான் மினுமினுக்கும், பெண் வெறும் மஞ்சளும் சாம்பலும்தான். இரண்டும் வேறு வேறு பறவை என்று எழுதிவிடாதீர்கள்.

குயிலிலும் அப்படித்தான். கறுப்பாகச் சிவந்த கண்ணோடு இருப்பது ஆண். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்டது பெண். நாம் பாட்டு என்று சொல்வது ஆணின் குரல். மாசியில் அது தொண்டையைச் சரிசெய்யத் தொடங்கியிருக்கும், பங்குனியில் ஓயாது.

பழைய கட்டடங்களின் சுவர்ப் பொந்தில் புள்ளி ஆந்தை இருக்கிறதா என்று பாருங்கள். காலை வெயிலில் பொந்து வாசலில் அரைக்கண் மூடி உட்கார்ந்திருக்கும் பழக்கம் அதற்கு உண்டு. ஆந்தையைப் பார்த்தால் தோஷம் என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம். வயலில் எலியையும் வண்டையும் தின்று விவசாயிக்குக் கூலி வாங்காமல் வேலை செய்யும் பறவை அது.

சிட்டுக்குருவி செல்போன் கோபுரத்தால் அழிந்துவிட்டதா?

இந்தக் கேள்வி எங்கு போனாலும் வருகிறது. கோபுரத்தின் கதிர்வீச்சுதான் காரணம் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. கண்ணெதிரே தெரியும் காரணங்கள் வேறு. ஓட்டு வீட்டில் கைமரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கு கான்கிரீட் வீட்டில் இல்லை. குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி வேண்டும், வீட்டைச் சுற்றிச் செடிகொடி இல்லாவிட்டால் அதுவும் இல்லை. முற்றத்தில் அரிசி மட்டும் போட்டால் பெரிய குருவி பிழைக்கும், குஞ்சு பிழைக்காது. தரங்கம்பாடியின் ஓட்டு வீடுகளில் இன்னும் குருவி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டில் கூடுப்பெட்டி வைக்க விரும்பினால், குருவி மட்டும் நுழையும் அளவுக்கு மூன்றரை சென்டிமீட்டர் துளை போதும். வெயில் நேராக விழாத இடத்தில், பூனைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

தரங்கம்பாடியின் பெயரைச் சுமக்கும் புறா எது?

தவிட்டுப்புறா. இதன் அறிவியல் பெயர் (உலகம் முழுக்க ஒன்றுபோல் வழங்கும் லத்தீன் பெயர்) ‘ஸ்ட்ரெப்டோபீலியா ட்ரான்க்யூபாரிகா’. ட்ரான்க்யூபார் என்பது ஐரோப்பியர் வாயில் தரங்கம்பாடி. ஸ்ட்ராஸ்பர்க் நகரப் பேராசிரியர் ஹெர்மன் எழுதி, அவர் இறந்தபிறகு 1804இல் வெளிவந்த நூலில் இந்தப் பெயர் இடம்பெற்றது. இன்றைக்குச் சீனாவிலும் தைவானிலும் பிலிப்பைன்ஸிலும் இந்தப் புறாவைப் பார்க்கிறவர்கள் எழுதும் பெயரில் நம் மாவட்டத்து மீனவர் ஊர் ஒன்று இருக்கிறது. தரங்கம்பாடிக்கு வருகிறவர்களிடம் கோட்டையைப் பற்றிச் சொல்கிறோம், பாதிரியார் சீகன்பால்குவின் அச்சுக்கூடத்தைப் பற்றிச் சொல்கிறோம். இந்தப் புறாவைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

எப்படி அடையாளம் காண்பது? நம் பக்கம் காட்டுப் புறாக்கள் நான்கைப் பார்க்கலாம். கழுத்தின் பின்புறம் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்திருந்தால் புள்ளிப்புறா. மார்பின் மேல்பகுதியில் துருநிறத்தில் கறுப்புப் பொட்டுகள் இருந்தால் சின்னத் தவிட்டுப்புறா. வெளிர் சாம்பலாக, பெரிதாக, கழுத்தின் பின்னால் அரைவட்டக் கறுப்புக் கோடு இருந்தால் கள்ளிப்புறா. அதே அரைவட்டக் கோடு இருந்து, உருவம் சிறிதாக, தலை நீலச் சாம்பலாக, உடல் சுட்ட செங்கல் நிறத்தில் இருந்தால் அதுதான் நம் தவிட்டுப்புறா, அதுவும் ஆண். பெண்ணுக்குச் செங்கல் நிறம் கிடையாது, பழுப்புதான்.

தெருவுக்குள் இதைத் தேடாதீர்கள். அறுத்த வயல், களத்துமேடு, பனைமரம், சாலையோர மின்கம்பி, இவைதான் அதன் இடங்கள். முதல் நாளே கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கம்பியில் இருக்கும் ஒவ்வொரு புறாவின் கழுத்தையும் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் ஒரு நாள் மாட்டும்.

எல்லாக் கொக்கும் வெள்ளைதானே, எப்படிப் பிரிப்பது?

எட்டு மணி வாக்கில் பொறையாறு பக்கம் வயலோரம் வந்தால் இந்தச் சந்தேகம் உடனே எழும். நிறத்தை விட்டுவிட்டு அலகையும் காலையும் பாருங்கள், சிக்கல் தீர்ந்துவிடும்.

மாட்டோடும் டிராக்டரோடும் திரிவது உண்ணிக்கொக்கு. அலகு மஞ்சள், கழுத்து குட்டை. மாடு நடக்கும்போது கிளம்பும் வெட்டுக்கிளிக்காகத்தான் அது கூடவே நடக்கிறது. பங்குனி, சித்திரையில் இதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாக மாறும். இடுப்புயரத்துக்கு நின்று, கழுத்தில் ஒரு முறிப்பு விழுந்ததுபோல் இருந்தால் பெரிய கொக்கு. அதற்கும் சின்னதுக்கும் நடுவில், மஞ்சள் அலகும் கறுப்புக் காலுமாக இருப்பது நடுத்தரக் கொக்கு.

அலகு கறுப்பு, கால் கறுப்பு, ஆனால் விரல்கள் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. வாய்க்காலில் இதை நிதானமாகக் கவனியுங்கள். ஒரு காலை முன்னே நீட்டி மஞ்சள் விரல்களைச் சேற்றில் படபடவென்று நடுங்கவிடும். கலங்கிய சேற்றிலிருந்து பதறி ஓடும் குஞ்சு மீனை அடுத்த நொடியில் கொத்தும். ஒரு தடவை இதைப் பார்த்துவிட்டால் பிறகு எந்தக் கொக்கைப் பார்த்தாலும் கண் முதலில் காலுக்குத்தான் போகும்.

வரப்பில் மண்ணோடு மண்ணாக, பழுப்புக் கோடுகளோடு கூனிக் குறுகி நிற்பது மடையான். பக்கத்தில் போகும்வரை அங்கே ஒரு பறவை இருப்பதே தெரியாது. எழுந்து பறந்தால் இரண்டு சிறகும் தூய வெள்ளை. பலர் இதைப் பார்த்து வேறு ஏதோ கொக்கு கிளம்பியதாக நினைத்துவிடுகிறார்கள்.

மின்கம்பியில் உட்காரும் பறவைகளில் பயிருக்கு உதவுகிறவை உண்டு. கரிச்சான், பச்சைப் பஞ்சுருட்டான், நீலச் சிறகு மின்னும் பனங்காடை எல்லாம் பூச்சி தின்பவை. உங்களுக்கு உளுந்து, பயறு வயல் இருந்தால் ஆங்காங்கே டி வடிவத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். பகலில் கரிச்சான் உட்கார்ந்து புழு பிடிக்கும், இரவில் ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கும். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

வயலுக்கு மேலே தாழப் பறந்துவிட்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்தால் அது தகைவிலான், வடக்கிலிருந்து வந்தது. கம்பியில் உட்காரவே உட்காராமல், பனைமரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தால் அது பனை உழவாரன், ஊர்ப் பறவை. பனையோலையின் அடியில் எச்சிலால் பஞ்சை ஒட்டிக் கூடு கட்டும். பனையைக் கழிக்கும்போது காய்ந்த மட்டையை ஒன்றிரண்டாவது விட்டுவைக்க முடிந்தால் அதன் குடும்பம் தப்பிக்கும்.

மாலைக் கடற்கரையில் எதைத் தேடுவது?

கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளிலிருந்து தொடங்குங்கள். மாசிலாமணிநாதர் கோயிலை ஒட்டிக் கரையைக் கவனியுங்கள். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த இந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பாறைமேல் கருஞ்சாம்பல் நிறத்தில், தொண்டை மட்டும் வெள்ளையாக நிற்கும் கொக்கு தெரிந்தால் அது கரைக்கொக்கு. ஊருக்குள் வராது, உப்புநீரை ஒட்டியே வாழும். பின்புறத்தை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு பாறை இடுக்கில் கொத்துவது உள்ளான்.

ஈர மணலில் குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்திவிட்டு மறுபடி ஓடும் சின்னப் பறவைகள் உப்புக்கொத்திகள். அவற்றில் சில இமயமலைக்கு அப்பால் திபெத்தில் குஞ்சு பொரிப்பவை. இன்னும் சிறிதாக, தலை நிமிராமல் தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே போவது கொசு உள்ளான். எடை சுமார் 25 கிராம்தான் இருக்கும். ஆர்க்டிக் பனிவெளியில் முட்டையிட்டு வளர்த்துவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. உப்பனாற்று முகத்தில் நீர் வற்றிச் சேறு தெரியும் நேரத்தில் போனால் இவை கூட்டமாகக் கிடைக்கும்.

படகு கரை சேரும்போது வட்டமிடும் வெள்ளைப் பறவைகளில் இரண்டு வகை. உடம்பு கனமாக இருந்து, எறிந்த மீனைப் பொறுக்கித் தின்பது கடற்காகம். ஒல்லியாக, கூர் அலகோடு, மேலிருந்து தலைகீழாகத் தண்ணீரில் பாய்வது ஆலா. பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குக் குளிர்காலத்தில் தலை வெள்ளைதான், காதருகே ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும். மாசி முடியும்போது சிலவற்றின் தலை பழுப்பாக மாறத் தொடங்கியிருக்கும். ஊர் திரும்பத் தயாராகிறது என்று அர்த்தம்.

இந்தப் பயணத்துக்குக் கொழுப்புதான் எரிபொருள். அதைச் சேர்க்கத்தான் கரையில் ஓயாமல் தின்றுகொண்டிருக்கின்றன. வீடியோ எடுப்பதற்காகக் குழந்தைகளைக் கூட்டத்துக்குள் ஓடவிட்டுப் பறக்கவைக்காதீர்கள். ஒவ்வொரு தடவை எழும்போதும் தின்றதில் ஒரு பங்கு கரைந்துபோகிறது. பறவை கொத்துவதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே நில்லுங்கள், இரண்டடி பின்னால் வாருங்கள். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்குக் கூட்டம் சேரும் கரையில் பறவை நிற்காது. அன்றைக்கு வயல் பக்கம் போவது நல்லது.

பைனாகுலர் அவசியமா?

முதல் நாளுக்கு வேண்டாம். கொக்கு, புறா, கரிச்சான், குக்குறுவான் எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும். கரைப் பறவைகளைப் பிரித்தறியத்தான் அது தேவைப்படும். ஆசை நிலைத்துவிட்டது என்று தெரிந்தபிறகு வாங்குங்கள். அதன்மேல் 8×42 என்று எழுதியிருந்தால், பொருள் எட்டு மடங்கு நெருங்கித் தெரியும், முன்கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். அதிக மடங்கு வாங்கினால் நல்லது என்று கடையில் சொல்வார்கள். மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் கூடித் தெரியும். எட்டு போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, ஒரு நொடியிலேயே கண் பழுதாகிவிடும். குழந்தையிடம் கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

ஊர்க்காரர்கள் தப்பாக நினைக்க மாட்டார்களா?

நினைக்கக்கூடும், அது நியாயமும்கூட. ஒருவர் தெருவில் நின்று கருவியை வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் பார்த்தால் யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். வீடு, கிணற்றடி, பெண்கள் மீன் காயப்போடும் இடம், இவற்றின் பக்கம் பைனாகுலரையோ கேமராவையோ தூக்காதீர்கள். “என்ன தம்பி பாக்குற?” என்று கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். “அந்தப் பச்சைக் குருவியைப் பாக்குறேன் பாட்டி” என்றால், அது எந்த மரத்தில் கூடு வைக்கும் என்று அவரே சொல்லக்கூடும். கடலில் ஆலா கூட்டம் பாய்ந்தால் அங்கே மீன் இருக்கிறது என்று மீனவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் பேசாமல் கடற்கரைப் பறவையைத் தெரிந்துகொள்வது அரைகுறைதான்.

பறவை பிடிக்கிறவர்களைப் பார்த்தால்?

அறுவடைக்குப்பின் டெல்டாவில் கொக்கு, மடையான்களுக்கு வலை வைப்பதும், பிடித்து விற்பதும் நடக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம், வாங்குவதும் குற்றம். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் அப்படியே. நீங்களாகச் சண்டைக்குப் போக வேண்டாம். இடத்தையும் நேரத்தையும் குறித்து வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். சாலையோரம் விற்பதை வாங்காமல் இருப்பது நம் எல்லோராலும் முடிந்த காரியம்.

காலில் உலோக வளையமோ வண்ணக் கொடியோ மாட்டிய பறவை கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணைக் குறியுங்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. அந்த எண்ணை அவர்களுக்கு அனுப்பினால் பறவை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சான்று சேரும்.

பெயர் தெரியாவிட்டால் என்ன செய்வது?

பெயர் முதல் நாள் தெரிய வேண்டியதில்லை. அளவு, அலகு, கால், வால், என்ன செய்துகொண்டிருந்தது, இந்த ஐந்தையும் எழுதுங்கள். நிறத்தைக் கடைசியில் எழுதுங்கள், வெயில் நிறத்தை மாற்றிக் காட்டும். வீட்டுக்கு வந்து ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய, க்ரியா வெளியிட்ட பறவைகள் அறிமுகக் கையேட்டைப் புரட்டினால் பெரும்பாலானவை பிடிபடும். கைபேசியில் ‘மெர்லின்’ என்ற இலவசச் செயலி குரலைக் கேட்டே பெயர் சொல்லும். ஆனால் அது சொன்னதை அப்படியே எழுதாதீர்கள், கண்ணால் பார்த்தபிறகு எழுதுங்கள். பறவையை வரவழைக்க அதன் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிடுவதும் கூடாது. வேறொரு பறவை தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்து, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அலையும்.

பட்டியலை ‘ஈபேர்டு’ செயலியில் பதிவு செய்தால் அது ஆய்வாளர்களின் கணக்கில் சேரும். மெர்லின், ஈபேர்டு இரண்டையும் நடத்துவது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம். பிப்ரவரி நடுவில் நான்கு நாள் உலகமெங்கும் வீட்டருகே உள்ள பறவைகளை எண்ணும் நிகழ்ச்சி நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டு அளவில் ஒரு கணக்கெடுப்பும் உண்டு. ஓர் இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்து எண்ணினாலே போதும். காக்கை, மைனாவையும் எண்ணுங்கள். இன்று சாதாரணம் என்று விட்டது நாளை குறைந்துபோனால், எப்போது குறையத் தொடங்கியது என்று சொல்ல எழுத்தில் ஆதாரம் வேண்டும்.

வெயிலுக்கு ஒரு தொப்பியும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை முடிவதற்குள் வலசைப் பறவைகளில் பெரும்பகுதி கிளம்பிவிடும், மறுபடி வரப் புரட்டாசி ஆகும். இந்த மாசிக்குள் ஒரு காலையையும் ஒரு மாலையையும் ஒதுக்குங்கள். நோட்டில் தேதி, நேரம், இடம் மூன்றையும் விடாமல் எழுதுங்கள். பெயர் தெரியாத பறவையையும் சேர்த்தே எழுதுங்கள்.